முதல் பத்துக் கோழி: கூடு முதலில், குஞ்சு பிறகு

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரி வீடுகளில் கோழி என்பது வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசு. பருத்திப் பணமும் மக்காச்சோளப் பணமும் வந்த வேகத்தில் உரக்கடைக்கும் கடனுக்கும் போய்விடும். பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், திடீர்க் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகவும், சொந்தக்காரர் வந்தால் குழம்பு வைக்கவும் கைகொடுப்பது இரண்டு கோழியும் பத்து முட்டையும்தான். அந்தக் காசுதான் மாசி, பங்குனியில் ஒரே வாரத்தில் காணாமல் போகிறது. திங்கட்கிழமை ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். அடுத்த திங்கட்கிழமைக்குள் வீடு முழுக்கக் காலி. "கோழி நமக்கு ராசி இல்லை" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் வேளாண் அலுவலர், கால்நடை மருத்துவர் அல்ல. ஆனால் பயிர் பார்க்கப் போகும் வீடுகளில் பயிருக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்கப்படுவது கோழியைப் பற்றித்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த ஜாதிக் கோழி நல்லது?" என்பது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ராத்திரி என் கோழி எங்கே அடையும்?"

கூடு கீரிக்கு மட்டும் இல்லை

நம் ஊர்களில் கோழிகள் வேப்பமரத்திலும், படப்பின் மேலும், மாட்டுத் தொழுவத்தின் குறுக்குக் கட்டையிலும் அடைகின்றன. மரநாய், காட்டுப்பூனை, கீரி, பாம்பு எல்லாவற்றுக்கும் சீமைக்கருவேலக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றிடமிருந்து காப்பாற்றத்தான் கூடு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இதுதான்: மரத்தில் அடைகிற கோழிக்குத் தடுப்பூசி போட முடியாது. ஊசி போட ஆள் வரும்போது கோழி குப்பைமேட்டில் நிற்கும். துரத்தினால் கூரை மேல் ஏறும். பத்தில் நாலு பிடிபடும், ஆறு தப்பும். தப்பிய ஆறுக்கு நோய் வரும். கூட்டில் அடைகிற கோழியோ தினமும் இரண்டு வேளை உங்கள் கைக்குள் வந்து போகிறது. மாலையில் எண்ணிக்கை பார்க்கலாம். காலையில் எச்சத்தின் நிறம் பார்க்கலாம். சோர்ந்து நிற்பதைத் தனியே பிரிக்கலாம். குடற்புழு மருந்து தரலாம். ஊசி போடலாம். ஆகவே, கோழி வாங்குவதற்கு முன் கூடு தயாராக இருக்க வேண்டும். கூடு கட்டப் பணமில்லை என்றால், அந்த வருடம் கோழி எண்ணிக்கையைக் குறையுங்கள், கூட்டைத் தவிர்க்காதீர்கள்.

பத்துக் கோழிக்கு என்ன கூடு?

இரவில் மட்டும் அடைக்கும் பெரிய கோழி ஒன்றுக்கு 1 சதுர அடியே போதும். ஆனால் மழைநாளில் பகலிலும் அடைத்து வைக்க நேரும் என்பதால் 2 சதுர அடி கணக்கிடுங்கள். பத்துக் கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம். முன்பக்கம் 4 அடி உயரம், பின்பக்கம் 3 அடி உயரம் வைத்தால் தண்ணீர் வடியும்.

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். உள்ளே நேராக இறங்காது. வேப்பமர நிழல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

அடித்தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். கால்களுக்கு மரத்தைவிடக் கல்லோ, ஹாலோ பிளாக்கோ நல்லது, கரையான் ஏறாது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். ஆகவே கால் ஊன்றும் இடத்தில் ஒரு அடி தோண்டிச் சரளை போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் கூடு சாயும்.

தளத்துக்கு மூங்கில் பிளாச்சு அல்லது மரச்சட்டத்தை அரை அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சம் கீழே விழும். கீழே பழைய சாக்கை விரித்து வையுங்கள். காலையில் அந்தச் சாக்கைப் பார்த்தாலே கோழிகளின் உடல்நிலை தெரியும்.

இரண்டு நீளப் பக்கங்களிலும் மேல் பாதிக்கு அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். பெரிய கண்ணுள்ள வலையில் பாம்பும் எலியும் நுழையும். கோழிக்குக் குளிர்ச்சியைவிடக் காற்றோட்டம் முக்கியம். காற்று இல்லாத கூட்டில் எச்சத்தின் கார நெடி ஏறி, கண்ணில் நீர் வடியும், சளி பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது மட்டும் வடக்குப் பக்க வலைக்குச் சாக்குப் படுதா கட்டுங்கள். மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள்.

கூரைக்குப் பனையோலையோ தென்னங்கிடுகோ சிறந்தது. தகரம்தான் கையில் இருக்கிறது என்றால், அதன் மேல் ஓலையையோ சோளத்தட்டையையோ பரப்பிக் கட்டுங்கள். வெறும் தகரத்துக்குக் கீழே சித்திரை வெயிலில் கோழியை அடைத்து வைப்பதும், அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான்.

நான்கு அடி அகலக் கூட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கதவு இருந்தால் எதிர் மூலைக்குக் கை எட்டாது. எட்டாத மூலையில்தான் பிடிக்க வேண்டிய கோழி போய் ஒண்டும்.

உள்ளே தளத்துக்கு ஒரு அடி மேலே, இரண்டு உருட்டுக் கம்புகளை ஒரே மட்டத்தில் கட்டுங்கள். ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் என்றால் பத்துக் கோழிக்கு 80 அங்குலம். 5 அடிக் கம்பு இரண்டு போதும். முட்டையிட, நான்கைந்து பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் வாய் அகன்ற பழைய மண்சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு இருட்டு மூலையில் வையுங்கள்.

கூட்டுக்கு வெளியே நிழலில் ஒரு சிறு குழி எடுத்து, மணலும் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து வையுங்கள். கோழி அதில் புரண்டு குளித்துக்கொள்ளும். பேன், தெள்ளுப்பூச்சி குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டைக் காலி செய்து, இடுக்குகளில் படும்படி சுண்ணாம்பு அடியுங்கள்.

எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

முதல்முறை வளர்ப்பவருக்கு என் யோசனை: சிறுவிடை நாட்டுக்கோழி. உடல் சிறியது, தீனி குறைவு, வெயில் தாங்கும், தானே அடை காக்கும், குஞ்சைப் பிறாந்திடமிருந்து காப்பாற்றவும் தெரியும். பெருவிடை, அசீல் வகைகள் எடைக்கும் சேவலுக்கும் பெயர் பெற்றவை, முட்டை குறைவு. முட்டைதான் நோக்கம் என்றால் ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா, வனராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவை நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை தரும். ஆனால் இவற்றுக்கு அடைகாக்கும் குணம் குறைவு. குஞ்சு வேண்டுமென்றால் நாட்டுப் பெட்டையின் அடியில்தான் வைக்க வேண்டும்.

எட்டு அல்லது ஒன்பது பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலை வேறு ஊரிலிருந்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் ஒரே ரத்தத்தில் இனப்பெருக்கம் ஆகி நலிவது குறையும்.

வண்டியில் கூவிக்கொண்டு வருபவரிடம் "நாட்டுக்கோழிக் குஞ்சு" என்று ஒரு நாள் குஞ்சுகளை மலிவாக வாங்க வேண்டாம். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத ஆண் குஞ்சுகள் பல நேரம் இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. அவற்றிலிருந்து முட்டையும் வராது, அடையும் வராது. தாய் இல்லாத ஒரு நாள் குஞ்சை வளர்ப்பது முதல்முறைக்காரர்களுக்குக் கடினமும்கூட. தாயோடு குஞ்சுகளையோ, தடுப்பு மருந்து கொடுத்த ஒரு மாதக் குஞ்சுகளையோ வாங்குங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஏழைப் பெண்களுக்கு 4 வார வயதுடைய 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் வழங்கும் திட்டத்தைக் கடந்த ஆண்டுகளில் நடத்தியிருக்கிறது. இந்த வருடம் உங்கள் ஒன்றியத்துக்கு உண்டா என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சந்தையிலிருந்து வந்த கோழியை எக்காரணம் கொண்டும் அன்றே பழைய கோழிகளோடு விடாதீர்கள். வீட்டின் மறுபக்கம், பஞ்சாரத்தில் தனியே 15 முதல் 20 நாட்கள் வைத்துப் பாருங்கள். மாசி சிவராத்திரி, பங்குனிப் பொங்கல் சமயத்தில் குலதெய்வத்துக்கு என்று கோழிகள் ஊர் விட்டு ஊர் போகின்றன. கோழி போகும் வழியில்தான் நோயும் போகிறது.

தொடங்க நல்ல காலம் தை மாதம். மழை ஓய்ந்திருக்கும். களத்தில் கம்பும் குதிரைவாலியும் பாசியும் சிந்திக் கிடக்கும். கோடை வருவதற்குள் கோழிகள் இடத்துக்குப் பழகிவிடும்.

குஞ்சின் முதல் மாதம்

தாயில்லாக் குஞ்சுகள்தான் கிடைத்தன என்றால் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். அட்டை அல்லது தகரத்தை வட்டமாக நிறுத்தி, நடுவில் குண்டு பல்பு தொங்கவிட்டு, தரையில் உமியோ கடலைத்தொலியோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு அதிகம். எல்லா இடத்திலும் பரவி மேய்ந்தால் சரி.

தாய் இருந்தால் இந்த வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் வைத்து, காலையும் மாலையும் கண்ணெதிரே சிறிது நேரம் திறந்துவிடுங்கள். காகமும் பிறாந்தும் அதிகம் எடுப்பது இந்த வயதில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டை 12 முட்டைக்கு அடை உட்கார்ந்தால் சுமார் 10 குஞ்சு பொரிக்கும். ஐந்து பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை பொரித்தால் 100 குஞ்சு. கவனிக்காமல் விட்டு அடைக்கு 3 தேறினால் வருடத்துக்கு 30. கவனித்து 7 தேறினால் 70. முட்டை அதேதான், கோழி அதேதான். வித்தியாசமான 40 கோழிக்கு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தீனியும் தண்ணீரும்

வெளியே மேயும் கோழி புழு, பூச்சி, புல், சிந்திய தானியம் என்று பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மாலையில் ஒரு கோழிக்கு 40 கிராம் தீனி வையுங்கள். பத்துக் கோழிக்கு நாளைக்கு 400 கிராம். இந்த மாலைத் தீனி, கோழிகளைக் கூட்டுக்கு வரவழைக்கும் தந்திரமும்கூட. கூட்டுக்குள்ளேயே வையுங்கள், பத்து நாளில் தானாக வந்து அடையப் பழகிவிடும்.

10 கிலோ கலப்புத் தீனிக்கு: உடைத்த சோளம், கம்பு அல்லது மக்காச்சோளம் 5 கிலோ, அரிசித் தவிடு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் முக்கால் கிலோ, தாது உப்புக் கலவை கால் கிலோ. பத்துக் கோழிக்கு இது 25 நாள் வரும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும்.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடாதீர்கள். அறுவடையில் மழை பட்டுக் கறுத்த கதிரில் உண்டாகும் பூஞ்சண நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். முட்டை குறையும், தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது.

குஞ்சுகளுக்குச் செலவில்லாத புரதம் கரையான். உடைந்த பானைக்குள் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள செவல் நிலத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் எடுத்துக் கொட்டினால் குஞ்சுகள் பொறுக்கித் தின்னும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கு இரண்டு தொல்லை. ஒன்று வெயில். கத்திரி நாட்களில் கோழி வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு குடிக்கும். மண்சட்டியில், நிழலில், இரண்டு இடத்தில் வையுங்கள். நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள். தீனியைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலையிலும் மட்டும் வையுங்கள். இரண்டாவது, போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர். பெரிய கோழி ஓரளவு சமாளிக்கும். குஞ்சுக்குக் கழிச்சல் காணும். குஞ்சுகளுக்கு மட்டுமாவது வீட்டில் நீங்கள் குடிக்கும் தண்ணீரை வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல்: தேதி தவறக்கூடாது

மாசி, பங்குனியில் கூட்டைக் காலி செய்யும் அந்த நோய் இதுதான். இங்கிலாந்தில் 1926-இல் நியூகாசில் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் உலகம் முழுக்க நியூகாசில் நோய் என்கிறார்கள். அதன்பின் சிறிது காலத்திலேயே இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில் காணப்பட்டதால் நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மூச்சுத் திணறும், கொண்டை கறுக்கும், இறக்கை தொங்கும். பிழைத்துக் கிடப்பவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் பெரும்பாலும் எல்லாம் போய்விடும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

தடுப்பு மருந்து அட்டவணை:

5 முதல் 7-ஆம் நாள்: எஃப் அல்லது லசோட்டா மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.

4-ஆம் வாரம்: லசோட்டா மீண்டும் ஒருமுறை.

6, 7-ஆம் வாரம்: கோழி அம்மைத் தடுப்பூசி, கால்நடை மருத்துவர் ஆலோசனைப்படி.

8-ஆம் வாரத்துக்குப் பிறகு: ஆர்.டி.வி.கே. ஊசி, இறக்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி. அதன்பின் ஆண்டுதோறும் கோடைக்கு முன்.

கடைசி ஊசிக்குப் பத்து நாள் முன்பாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். வயிற்றில் புழு நிறைந்த கோழிக்கு ஊசி போட்டும் பலன் குறைவு.

கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு, வழக்கமாகப் பிப்ரவரியில், இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி இலவசம். இதில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் இரண்டு. முகாம் நாளன்று விடியற்காலையிலேயே கூட்டைத் திறந்துவிடுவது முதல் தவறு. தண்டோரா போட்ட ஊரிலும் பாதிக் கோழி தப்புவது இதனால்தான். மருந்தாளர் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். இரண்டாவது, முகாமில் போடுவது 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கான ஊசி. அன்று உங்கள் குஞ்சு 5 வாரமாக இருந்தால் அதற்குக் கிடைக்காது. "முகாமில் போட்டாச்சு" என்ற நிம்மதியில் அதை மறந்துவிடுகிறோம். பங்குனியில் நோய் முதலில் தொடுவது அதைத்தான். குஞ்சு பொரித்த தேதியைக் காலண்டரில் குறித்து, 7-ஆம் நாளையும் 4-ஆம் வாரத்தையும் 8-ஆம் வாரத்தையும் அப்போதே வட்டம் போட்டுவிடுங்கள்.

ஒரு குப்பி, பத்து வீடு

"பத்துக் குஞ்சுக்கு யார் மருந்து தருவார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. லசோட்டா குப்பி 100 டோஸ் அல்லது அதற்கு மேல்தான் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை வைத்திருக்க முடியாது. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வைத்து அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

இதற்கு வழி, பத்து வீடு சேர்வதுதான். மகளிர் குழுவில் பத்துப் பேர், ஆளுக்குப் பத்துக் குஞ்சு என்றால் 100 டோஸ் சரியாகப் போய்விடும். ஒரே வாரத்தில் எல்லோரும் அடை வைத்தால் குஞ்சுகளும் ஒரே வயதில் இருக்கும். குழுவில் ஒரு பெண் சொட்டு மருந்து விடக் கற்றுக்கொண்டால் போதும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்சானியா நாட்டுக் கிராமங்களில் இப்படித்தான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட, வெப்பம் ஓரளவு தாங்கும் ஐ-2 என்ற கண் சொட்டு மருந்தை, பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் விடுகிறார்கள். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீனியோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கோழிக்கு மட்டும் ஊசி போட்டு, பக்கத்து வீட்டில் போடாவிட்டால் தெருவில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். கோழிக்கு வேலி தெரியாது.

நோய் வந்துவிட்டால் மீதிக் கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள்; அது அடுத்த ஊரின் கூட்டைக் காலி செய்யும். செத்ததைக் கண்மாயிலோ ஓடையிலோ வீசாமல், 3 அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

வயலில் இருக்கும் விஷம்

இது என் துறை சார்ந்தது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். புரட்டாசி, ஐப்பசி விதைப்பில், "நேற்று நன்றாக இருந்த கோழிகள் இன்று வரப்பில் செத்துக் கிடக்கின்றன, என்ன நோய்?" என்று கேட்பார்கள். பல நேரம் அது நோயே அல்ல. மக்காச்சோளம், பருத்தி விதைகள் பூச்சிமருந்து நேர்த்தி செய்யப்பட்டு, நிறம் ஏற்றித்தான் பாக்கெட்டில் வருகின்றன. மிஞ்சிய விதையை வாசலில் கொட்டினாலும், வரப்பில் சிந்தினாலும் கோழி பொறுக்கும். சில விதையே போதும். மிஞ்சியதைப் புதைத்துவிடுங்கள், பாக்கெட்டையும் குப்பையில் போடாதீர்கள்.

படைப்புழுவுக்கு மருந்து தெளித்த மக்காச்சோளத்தில் மயங்கி விழும் புழுக்களைக் கோழிகள் ஆசையோடு தின்னும். தெளித்த வயலில் குறைந்தது பத்து நாள் கோழி மேயக்கூடாது. எலி மருந்து வைத்த வீட்டிலும் அதே கவனம் தேவை. விதைப்பு வாரத்திலும் தெளிப்பு வாரத்திலும் கோழிகளைக் கூட்டிலேயே வைத்துத் தீனி போடுங்கள். கூடு இருந்தால்தான் இதுவும் முடியும்.

அடை வைக்கும்போது

நாட்டுப் பெட்டை ஓர் அடுக்கில் 10 முதல் 15 முட்டை வரை இடும். முட்டைகளை அவ்வப்போது எடுத்து, ஈர மணல் மேல் வைத்த சட்டியில், கூரான முனை கீழிருக்கும்படி சேமியுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். 10 முதல் 12 முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ரத்த நாளம் தெரியாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் குஞ்சு வரும். சித்திரைக் கத்திரியிலும், ஐப்பசி அடைமழையிலும் குஞ்சு பொரிக்கும்படி அடை வைக்காதீர்கள். மார்கழியில் வைத்தால் தையில் குஞ்சு. கோடை உச்சத்துக்குள் மூன்று தடுப்பு மருந்தும் முடிந்துவிடும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*ஊசி போட்டும் கோழி செத்துவிட்டதே, ஏன்?*

மருந்து வழியில் சூடாகியிருக்கலாம். கோழிக்குள் நோய் முன்பே நுழைந்திருக்கலாம். புழுத் தொல்லை இருந்திருக்கலாம். ஊசி போட்ட உடனே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு வாரமாவது ஆகும். ஊரில் நோய் வந்தபின் போடுவதில் பயன் குறைவு.

*முட்டையிடும் கோழிக்கு ஊசி போடலாமா?*

சில நாட்கள் முட்டை குறையலாம். ஆகவே, முட்டையிடத் தொடங்குமுன் போட்டுவிடுவதே நல்லது. விட்டுப்போயிருந்தால் முட்டையைப் பார்க்காதீர்கள், கோழியைப் பாருங்கள். கோடைக்கு முன் போட்டுவிடுங்கள்.

*வெள்ளைக்கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?*

கொடுக்கலாம், சோர்ந்த கோழிக்கு அது துணை. ஆனால் தடுப்பூசிக்கு அது மாற்று இல்லை.

*கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்திருக்கிறது.*

கோழி அம்மை. கொசுவாலும் பரவும். தனியே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் கண்ணில் படாமல் தடவுங்கள். கண் மூடிய கோழிக்குத் தீனியைக் கையால் ஊட்டுங்கள். மற்ற கோழிகளுக்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

*கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கிறது.*

சுண்ணாம்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். முட்டையை நெடுநேரம் விட்டு வைப்பது இன்னொன்று. கிளிஞ்சல் வையுங்கள், சட்டியை இருட்டில் வையுங்கள், முட்டையை உடனே எடுத்துவிடுங்கள்.

*கோழி எருவை மிளகாய்ச் செடிக்கு அப்படியே போடலாமா?*

கூடாது. பச்சை எருவின் சூட்டில் வேர் கருகும். சருகு, மாட்டுச் சாணத்தோடு கலந்து மூன்று மாதம் மக்கவைத்துப் போடுங்கள். மானாவாரிக் கரிசலுக்கு அது நல்ல தழைச்சத்து.

கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போகும்போது தனியாகப் போகாமல், மருந்துக் குப்பியைப் பங்குபோடப் போகும் அந்தப் பத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.